"கேலலாம்" என்ற பிள்ளையை ஏன் அடித்தீர்கள்?

ஒரகடம், மாத்தூர், வல்லம் பக்கம் லைன் வீடுகளில் குடியிருக்கும் பெற்றோரே, உங்களைக் கொஞ்சம் கடிந்துதான் பேச வேண்டியிருக்கிறது.

எங்கள் லைனில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஆறு வயதுப் பையன் ஒருவன், எதிர்வீட்டு ஒடிசா பையனை "கேலலாம், வரியா?" என்று கூப்பிட்டான். அவன் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி வந்தான். அதற்குள் இவனுடைய அம்மா, "அவன்கூடச் சேர்ந்து நாக்கே கெட்டுப்போச்சு" என்று முதுகில் ஒன்று வைத்துவிட்டார்.

அந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். 'கேல்' என்றால் விளையாட்டு. இந்தியிலும் உண்டு, ஒடியாவிலும் உண்டு. அதன் வாலில் ஆடலாம், ஓடலாம் என்பதில் வருகிற நம் 'அலாம்' ஒட்டியிருக்கிறது. எதை எங்கே ஒட்ட வேண்டும் என்று அவனுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. தமிழ் உள்ளே ஊறியிருந்தால்தான் இப்படி ஒட்ட வரும். அதே பையன், ஊரிலிருந்து பாட்டி போன் செய்தால் "விளையாடப் போறேன் பாட்டி" என்றுதான் சொல்கிறான். யாரிடம் எப்படிப் பேசுவது என்று அவனுக்கு நன்றாகவே தெரியும்.

இந்த மண்ணுக்கு இது புதிதும் இல்லை. பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் 1017-இல் அவதரித்ததாகச் சொல்லப்படும் ராமானுஜரின் சீடர் திருக்குருகைப்பிரான் பிள்ளான், திருவாய்மொழிக்கு எழுந்த முதல் உரையான ஆறாயிரப்படியை மணிப்பிரவாளத்தில்தான் எழுதினார். வடசொல்லை எடுத்துத் தமிழ் விகுதி சேர்த்து, தமிழ் வாக்கியத்தில் ஓடவிட்ட நடை அது. சாவியும் ஜன்னலும் போர்த்துக்கீசியரிடம் வாங்கியவை. துட்டு டச்சுக்காரருடையது, அதில் 'காரன்' சேர்த்துத் 'துட்டுக்காரன்' ஆக்கியது நாம்.

மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கியதில் நியாயம் இருந்தது. மேலே உட்கார்ந்துகொண்டு தமிழைத் தாழ்த்திய வடமொழியை எதிர்த்த போராட்டம் அது. தொட்டிப் பக்கம் விளையாடும் இரண்டு பிள்ளைகளில் யார் மேலே, யார் கீழே?

உங்கள் கோபம் உண்மையில் தமிழுக்காகவா? "மம்மி, வாட்டர் வேணும்" என்றால் பூரித்துப்போகிறீர்கள். "பானி வேணும்" என்றால் கை ஓங்குகிறீர்கள். இரண்டிலும் தண்ணீர் என்ற சொல் இல்லையே! நீங்களே "ஓ.டி. பார்த்துட்டு வரேன்", "பீஸ் ரிஜெக்ட் ஆயிடுச்சு" என்றுதான் நாள் முழுக்கப் பேசுகிறீர்கள். பிள்ளை அடிவாங்குவது அந்தச் சொல் ஏழை வீட்டிலிருந்து வந்ததற்காக. அதை அவன் சீக்கிரமே புரிந்துகொள்வான். எனக்கு அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

தமிழ் போய்விடும் என்று பயமா? ஷிப்டு முடிந்து வந்ததும் போனைக் கீழே வைத்துவிட்டு ஒரு கதை சொல்லுங்கள். "கேலலாமா?" என்று கேட்டால், "விளையாடலாமே, போய்ட்டு வா" என்று பதில் சொல்லுங்கள், சரியான சொல் அதிலேயே காதில் விழுந்துவிடும். எதிர்வீட்டுப் பையனை 'இந்திக்காரப் பையன்' என்று கூப்பிடுவதையும் இன்றோடு விடுங்கள். அவன் பேசுவது ஒடியா. அவன் பெயர் என்ன என்று உங்கள் பிள்ளையிடம் கேட்டால் சொல்லுவான்.