அடைப்பு என்றதும் ஆடிப்போகலாமா?

"ரத்தக் குழாயில் அடைப்பு" என்று டாக்டர் சொன்னதுமே வீட்டில் அழுகை. அடுத்த நிமிடம் நகை அடகுக் கடையில்! "ஸ்டென்ட்" வைக்காவிட்டால் ஆள் தேறமாட்டார் என்ற பயம்.

பயப்படும் முன் ஒரு கேள்வி: வந்திருப்பது மாரடைப்பா, வெகுநாள் வலியா?

மாரடைப்பு என்றால் பேச்சே கிடையாது. 108-ஐ கூப்பிடணும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு வலித்தாலும் அப்படித்தான். அங்கே ஒவ்வொரு நிமிடமும் உயிர்.

மாடி ஏறினால் வலி, நின்றால் சரி என்கிறவர் கதை வேறு. அவசரமில்லாத இதய நோயாளிகள் 5,179 பேரை 37 நாடுகளில் ஆராய்ந்தார்கள். "இஸ்கீமியா" என்பது ஆராய்ச்சியின் பெயர். இந்தியரும் அதில் உண்டு. பாதிப் பேருக்கு மருந்தோடு ஸ்டென்ட் அல்லது பைபாஸ். மீதிப் பேருக்கு முதலில் மருந்து மட்டும். 2020-ல் முடிவு வெளியானது. சுமார் 3 ஆண்டுகளில் சாவிலும் மாரடைப்பிலும் பெரிய வித்தியாசம் இல்லை!

அடிக்கடி வலி வந்தவர்களுக்கு ஸ்டென்ட், பைபாஸால் வலி நன்றாகக் குறைந்தது. அது நிஜம். இதயத்தின் இடது முக்கியக் குழாயில் பெரிய அடைப்பு உள்ளவர்களை ஆராய்ச்சியில் சேர்க்கவில்லை. அதுவும் நிஜம்.

ஆகவே, "ஸ்டென்ட் உயிரைக் காக்கவா, வலியைக் குறைக்கவா?" என்று டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்க. பதில் சொல்வது அவர் கடமை. மாத்திரையை விடாதீங்க, பீடி, சிகரெட்டை விடுங்க.

கேள்வி கேட்க காசு வேண்டாம்!