அரிசிக்கு ஒரு கடல்வழி
நாகையில் தொடங்கும் இயக்கத்தின் கொள்கைப் பிரகடனம்

போர் நடக்கும் நாட்டுக்குள் சோறும் மருந்தும் போய்ச் சேர வேண்டுமானால், போர் வருமுன்பே அதற்கு வழி பேசி வைத்திருக்க வேண்டும். இந்த ஒரு வேலைக்காக நாகப்பட்டினத்தில் மீனவர்கள், நெல் விவசாயிகள், அரிசி ஆலைக்காரர்கள், மூட்டை தூக்கும் தொழிலாளர்கள், மருத்துவர்கள், வழக்கறிஞர்கள் சேர்ந்து ஓர் இயக்கம் தொடங்குகிறோம். பெயர் இன்னும் வைக்கவில்லை. பெயருக்காக அடித்துக்கொண்டு உடைந்த சங்கங்களை நிறையப் பார்த்துவிட்டோம். அது அடுத்த கூட்டத்துக்கு.

அக்கரையில், இலங்கையில், போர் ஓய்ந்து இத்தனை வருஷம் கழித்து இது எதற்கு என்று கேட்கிறார்கள். இப்போதுதான் இதைச் செய்ய முடியும். போர் நடந்தபோது என்ன ஆனது என்று பாருங்கள்.

1987 மே கடைசியில் யாழ்ப்பாணத்தின் வடமராட்சியில் இலங்கை ராணுவம் தாக்குதல் தொடங்கியது. ஜூன் 3 அன்று ராமேசுவரத்திலிருந்து ஏறக்குறைய 20 படகுகள் செஞ்சிலுவைக் கொடியோடு நிவாரணப் பொருள் ஏற்றிப் புறப்பட்டன. இலங்கைக் கடற்படை மறித்தது, திரும்பி வந்தன. மறுநாள் இந்திய விமானப்படையின் ஐந்து ஏஎன்-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் காவலோடு போய், யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 டன் பொருளைப் போட்டன. ‘ஆபரேஷன் பூமாலை’ என்று பெயர். அன்றைக்கு இங்கே கைதட்டாதவர்கள் குறைவு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அத்தனையும் அரிசியே என்று வைத்தாலும், ஆளுக்கு 400 கிராம் வீதம் 62,500 பேருக்கு ஒரு நாள் சாப்பாடு. 1981 கணக்கெடுப்பின்படி யாழ்ப்பாண மாவட்டத்தில் இருந்தவர்களோ எட்டு லட்சத்துக்கும் மேல். டெல்லி கொழும்புக்குச் சொல்லியனுப்பிய சேதி அது. பசியாற்றுவது அதில் சிறு பங்குதான்.

2006 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-9 சாலை மூடப்பட்டு அந்த ஊர் தனித்துப்போனது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் தமிழ்த் தேசியத் தலைவர் பழ. நெடுமாறன், தமிழ்நாட்டு மக்களிடம் திரட்டிய உணவையும் மருந்தையும் படகில் கொண்டுபோக முயன்றார். அனுமதி கிடைக்கவில்லை, தடுக்கப்பட்டார், உண்ணாவிரதம் இருந்தார். பொருள் அக்கரை போகவில்லை. 2008 நவம்பரில் தமிழக அரசு திரட்டிய பொருள்கள், சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு வழியாகப் போயின. 2009இல் ஐரோப்பாவில் வாழும் தமிழர்கள் 884 டன் சேர்த்து ‘வணங்காமண்’ என்று கப்பல் அனுப்பினார்கள். அது இலங்கைக் கடலை எட்டுமுன், மே மாதமே போர் முடிந்திருந்தது. கடற்படை திருப்பியனுப்ப, சென்னைக்கு வெளியே கடலில் கிடந்து, சரக்கு வேறு கப்பலுக்கு மாறி, கொழும்புத் துறைமுகத்தில் மாதக்கணக்கில் முடங்கியது. போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் ஒரு கஞ்சிக்கு அலைந்தவர்களுக்கு அதில் ஒரு மணி அரிசியும் சேரவில்லை.

அதே 2009 பிப்ரவரி முதல் மே வரை, புதுமாத்தளன் கரையிலிருந்தும் பின்னர் முள்ளிவாய்க்காலிலிருந்தும் செஞ்சிலுவைக் குழு ஏறக்குறைய 14,000 பேரைக் கடல்வழியே வெளியேற்றியது. காயம்பட்டவர்கள், நோயாளிகள், உடன் வந்த உறவினர்கள். அரசு, விடுதலைப் புலிகள் என இரு தரப்பும் அந்தச் செஞ்சிலுவைக் கப்பலைப் போகவிட்டன. போதுமானதாக இருந்ததா? இல்லவே இல்லை. உள்ளே இருந்தவர்கள் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லி உணவு, மருந்து வரத்தை இறுக்கியது அரசு. மக்களை வெளியே விடாமல் பிடித்து வைத்தார்கள் புலிகள். 2011இல் ஐநா நிபுணர் குழு இரண்டையும் எழுதியிருக்கிறது. எங்களில் சிலருக்கு இரண்டாவது பாதி கசக்கிறது. இருந்தாலும் அது இந்தப் பிரகடனத்தில் இருக்கும்.

சட்டம் எங்களுக்கு எதிராக இல்லை, முழுக்க ஆதரவாகவும் இல்லை. 1949 ஜெனீவா உடன்படிக்கைகள் உள்நாட்டுப் போரில் பாரபட்சமற்ற அமைப்பு உதவ முன்வரலாம் என்கின்றன. அதை ஏற்றே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. 1986இல் நிகரகுவா வழக்கில் சர்வதேச நீதிமன்றம், துயர் துடைப்பதை மட்டுமே நோக்கமாகக் கொண்டு, தேவைப்படும் எல்லோருக்கும் பாகுபாடின்றித் தரப்படும் உதவி தலையீடு ஆகாது என்றது. சிரியாவுக்குள் டமாஸ்கஸின் சம்மதமின்றியே நான்கு எல்லைவாயில்கள் வழியே உதவி போக 2014இல் ஐநா பாதுகாப்பு சபை வழிவிட்டது. பின்னர் அது ஒரே வாயிலாகச் சுருங்கி, 2023இல் அந்த அனுமதியும் காலாவதியானது. பெரிய நாடுகளின் தயவில் திறந்த கதவு அவ்வளவுதான்.

எனவே எங்கள் நிலை இது. பசித்தவர் தமிழரா, சிங்களவரா, முஸ்லிமா என்று கேட்க மாட்டோம். இந்த வரியைப் படித்ததும் கூட்டத்திலிருந்து சிலர் எழுந்துபோனார்கள். வரி அப்படியே இருக்கிறது. மியான்மரோ காசாவோ, நாளை வேறு எதுவோ, அங்கே போக வழி கிடைத்தால் எங்கள் மூட்டை அங்கும் போகும். மூட்டையில் கட்சிக்கொடி, தலைவர் படம், ஸ்டிக்கர் எதுவும் இருக்காது. தமிழ்நாட்டு நிவாரணத்தின் பழைய வியாதி அது.

ஒவ்வொரு மூட்டையையும் எந்த அதிகாரியும் பிரித்துப் பார்க்கலாம். 1980களில் வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கமிருந்து போன படகுகளில் என்னென்ன போயின என்பது ஊரறிந்த கதை. அக்கரைக் கடற்படைக்குச் சந்தேகம் வந்தால் அதில் நியாயமில்லை என்று எங்களால் சொல்ல முடியாது.

கேட்டதை மட்டுமே அனுப்புவோம். இந்தப் பாடத்தை நாகைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு இங்கே சாலையோரமெல்லாம் மலையாகக் குவிந்து, மழையில் நனைந்து நாறிய பழைய துணியை நாங்கள்தான் அப்புறப்படுத்தினோம். பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நின்ற அக்கரைப்பேட்டைப் பெண்களுக்கு, கிழிந்த கோட்டும் யாரோ கட்டிக் கழித்த சேலையும் எதற்கு? தந்தவர்கள் மனசு நல்லதுதான். ஆனால் வாங்குகிறவர் கையில் பட்டியல் இல்லாத தர்மம் வாங்குகிறவருக்கே சுமை. அக்கரை மருத்துவமனையும் ஊர்ச் சங்கங்களும் பட்டியல் தரும். புழுங்கல் என்றால் புழுங்கல்தான் போகும், மலிவாகக் கிடைத்ததென்று பச்சரிசி போகாது.

அனுமதியில்லாமல் படகு விட மாட்டோம். 2010இல் காசாவுக்குப் போன ‘மாவி மர்மரா’ கப்பலில் இஸ்ரேலியப் படை ஏறியபோது ஒன்பது பேர் அங்கேயே செத்தார்கள். அவர்கள் துணிச்சலை மதிக்கிறோம். ஆனால் மீன்பிடிக்கப் போனதற்கே பிடிபட்டு, படகும் பறிபோய், கடனோடு நிற்கும் குடும்பங்கள் இந்தக் கரையில் உண்டு. அவர்கள் தலையில் இதையும் ஏற்ற எங்களுக்கு உரிமையில்லை. விண்ணப்பம் கொடுப்போம். கொடுத்த தேதி, என்ன சரக்கு, யார் மறுத்தார், என்ன காரணம் சொன்னார் என்று எல்லாவற்றையும் அச்சிட்டு இரு கரையிலும் பரப்புவோம். மறுப்பதும் சும்மா நடந்துவிடக் கூடாது.

முதல் கோரிக்கை: 2023 அக்டோபரில் நாகைக்கும் காங்கேசன்துறைக்கும் பயணிகள் கப்பல் தொடங்கியது, நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. சுமார் 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம். சுற்றுலாவுக்குத் திறந்த அதே துறையில், போர்க்காலத்திலும் பேரிடரிலும் நிவாரணக் கப்பலுக்கு இடம் உண்டு என்று இரு அரசுகளும் இப்போதே ஒரு பிரிவு எழுதிக் கையெழுத்திட வேண்டும். எந்தச் சரக்கு, யார் சோதிப்பது, எத்தனை மணி நேரத்தில் விடுவது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வரைவை எங்கள் வழக்கறிஞர்கள் எழுதுகிறார்கள்; பொங்கலுக்குள் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வரும்.

நெல்லாகத் தருகிறவர்கள் அறுவடையின்போது சொன்னால் போதும், இப்போது மூட்டை கட்ட வேண்டாம். லண்டனிலும் டொராண்டோவிலும் இருக்கும் சொந்தங்கள் பணம் அனுப்ப வேண்டாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் தரும் பணத்தில், வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாயும் தொட முடியாது. உள்ளூர்ச் சந்தாவுக்கும் வங்கிக் கணக்கு இனிமேல்தான் திறக்க வேண்டும். அதுவரை யாராவது எங்கள் பெயரைச் சொல்லி வசூலுக்கு வந்தால் கொடுக்காதீர்கள். எங்களுக்குத்தான் இன்னும் பெயரே இல்லையே.