கயிறு திரிக்கும் கலை

மீன் பிடிக்கிறவர்கள் கயிறு திரிப்பார்கள் என்பது உலகப் பிரசித்தம். ஆற்றில் தப்பிய மீன், ஊர் வந்து சேர்வதற்குள் ஒரு முழம் வளர்ந்துவிடும்! அந்தக் கயிற்றைப் பற்றி எழுதும் தகுதி நமக்கு இல்லை. இவ்வாரம் நாம் சொல்லப்போவது மெய்யாகவே திரிக்கும் கயிற்றைப் பற்றி.

குளிர்ந்த மலையாறுகளில் டிரவுட் மீன் பிடிப்போரில் ஒரு சாரார் புழுவை நாடுவதில்லை. இறகும் மயிரும் சுற்றிய பொய் ஈயை நீர்மேல் வீசுகின்றனர். அந்த ஈக்குக் கனமே கிடையாது; ஆகையால் தடித்த தூண்டிற்கயிற்றின் கனத்தைக் கொண்டே வீசவேண்டும். தடித்த கயிறு மீனின் கண்ணில் பட்டாலோ காரியம் கெட்டது. எனவே கயிற்றுக்கும் ஈயைக் கட்டும் மெல்லிய நுனியிழைக்கும் இடையே, வரவரச் சிறுத்துச் செல்லும் துண்டு ஒன்று வேண்டும். அதற்கு ‘லீடர்’ என்று பெயர்.

இதை வீட்டிலே திரிப்பது பழைய வித்தை. 1496-இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டிற்கலை நூல் ஒன்று குதிரைவால் மயிரை முறுக்கச் சொல்லுகிறது: மிகச் சிறிய மீனுக்கு 1 மயிர், பெரிய சால்மனுக்கு 15. இன்று வேண்டுவன ஒரு பலகை, சில ஆணிகள், ஒரு நூற்கண்டு. அடியில் பல இழைகளும் நுனியில் சில இழைகளுமாக இரண்டு புரிகள் ஓட்டவேண்டும். இரண்டையும் ஒரே திசையில் முறுக்கி, நுனிகளைச் சேர்த்து எதிர்த்திசையில் சுழல விட்டால், அவை தாமே ஒன்றையொன்று தழுவிக்கொள்ளும். தென்னைநார்க் கயிறு திரிப்பதைக் கண்ட நேயர்களுக்கு இது புதிதன்று.

எந்த நூலைக் கொள்வது? பட்டு, பூப்போல் நீரில் விழும். ஆனால் நனைந்தால் வலுக் குறையும், ஈரத்தோடு சுருட்டி வைத்தால் இற்றுப்போகும். பாலியெஸ்டர் தையல்நூல் மலிவு, நனைந்தாலும் தளராது. ஆயினும் புரிகளுக்கிடையே நீரைக் குடித்துக்கொண்டு, வீசும்போதெல்லாம் தூறலாகத் தெளித்து மீனை விரட்டும். அதற்கு மெழுகு பூசவேண்டும். ஒற்றையிழை நைலான் அவ்வளவு நீர் குடிப்பதில்லை. ஆனால் விறைப்பும் துள்ளலும் அதிகம். நீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால் நைலான் 1.14, பாலியெஸ்டர் 1.38, புளோரோகார்பன் 1.78. ஆகவே மிதக்கும் ஈக்கு மெழுகிட்ட நூலும், மூழ்கும் ஈக்குப் புளோரோகார்பனும் ஏற்றவை.

இவ்வளவும் தெரிந்தும் நாம் ஒரு பிழை செய்தோம். சில ஆண்டுகளுக்கு முன், கோடை விடுமுறையில், இமாசலப் பிரதேசத்துத் தீர்த்தன் நதிக்கரையில் அனுமதிச் சீட்டுடன் நின்றுகொண்டிருந்தோம். கையில் நாமே திரித்த பாலியெஸ்டர் லீடர். மீன் தப்பக் கூடாதென்ற பேராசையால் அதன் முனையில் மூன்றடி நீளத்துக்குத் தடித்த நைலான் இழையைக் கட்டியிருந்தோம். மீன் கவ்விற்று, இழுத்தோம். முறிந்தது நைலான் அன்று, லீடரின் மெல்லிய முனை! வாயில் முள்ளும், பின்னே மூன்றடி இழையுமாக அந்த ஜீவன் பாறைகளுக்கிடையே மறைந்தது. நைலான் எளிதில் மக்குவதன்று. எந்தக் கல்லில் சிக்கினால் மீன் என்ன ஆகும்? அன்றிரவு நமக்குச் சோறு இறங்கவில்லை.

ஊர் திரும்பியதும் பள்ளிக்கூடத்துச் சுருள்வில் தராசை இரவல் வாங்கினோம். திரித்த லீடர்களில் ஒன்றை நனைத்து, அறுபடும்வரை இழுத்துப் பார்த்தோம். அது தாங்கிய எடையில் பாதியே தாங்கும் இழையைத்தான் இப்போது நுனியில் கட்டுகிறோம். அறுந்தால் முடிச்சருகே அறும். மீனோடு போவது ஓரிரு அங்குலம். முள்ளின் எதிர்முனையையும் குறட்டால் நசுக்கிவிடுகிறோம். அப்படியானால் மீன் அதை எளிதில் உதறிவிடக்கூடும். நூல் தேர்வில் முதலில் கேட்கவேண்டியது எது வலிது என்பதன்று. எது, எங்கே அறவேண்டும் என்பதே.

அந்த மீன் ஒரு சாண்தான் இருக்கும். இத்தனை ஆண்டுகளாகியும் நம் கதையில் அது வளரவே இல்லை. அதன் வாயில் தொங்கிய இழைதான் இன்னும் கண்ணைவிட்டு அகலவில்லை.