மேடையில் நிற்பவருக்குப் பரிவு, அருகில் நிற்பவருக்குக் கேலி: இசை நிகழ்ச்சிக் கூட்டமும் மனநலமும்

புது தில்லி: பஞ்சாபிப் பாடகர் தில்ஜித் தோசாஞ்ச், 2024 அக்டோபர் இறுதியில் தில்லி ஜவாஹர்லால் நேரு மைதானத்தில் தொடங்கி டிசம்பர் 31-ஆம் தேதி லூதியானாவில் நிறைவு செய்த ‘தில்-லூமினாட்டி’ சுற்றுப்பயணத்தின்போது சிறிய சம்பவம் ஒன்று நிகழ்ந்தது. பாட்டைக் கேட்டபடி தேம்பி அழுத ஓர் இளம்பெண்ணின் காணொலி சமூக ஊடகங்களில் பரவியது. நடிப்பு என்றும், மனநிலை சரியில்லாதவர் என்றும் பலர் அவரைக் கேலி செய்தனர். அதே பயணத்தின் பின்னொரு மேடையில் தில்ஜித் இதற்குப் பதிலளித்தார். இசை என்பதே உணர்ச்சி, அதில் சிரிப்புக்கு இடம் இருப்பதுபோல் அழுகைக்கும் இடம் உண்டு, தாமும் இசை கேட்டு அழுதவரே என்று கூறிய அவர், அழும் பெண்களை ஏளனம் செய்வது அவர்களை அவமதிப்பதாகும் என்றார். அரங்கம் ஆரவாரம் செய்தது.

அந்த ஆரவாரத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்பதே இங்கு எழும் கேள்வி. கேலி செய்தவர்களும் ஆரவாரம் செய்தவர்களும் இரு வேறு உலகத்தினர் அல்லர். பெரும்பாலும் ஒரே வயதினர், ஒரே பாடல்களைக் கேட்பவர்கள். மேடையில் நிற்கும் கலைஞர் மனத்துயரைப் பற்றிப் பேசினால் நெகிழும் இவர்களுள் பலர், அதே துயரம் பக்கத்தில் நிற்பவரிடம் வெளிப்படும்போது கைப்பேசியை உயர்த்திப் படம் எடுக்கின்றனர்.

கலைஞர்கள்பால் காட்டப்படும் மனப்பாங்கு மாறியிருப்பதை மறுப்பதற்கில்லை. 2017 மே 10 அன்று நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் ஜஸ்டின் பீபர் பாடியபோது, அவர் பல பாடல்களுக்கு வெறுமனே வாயசைத்ததாக ரசிகர்கள் கொதித்தனர். நாள்கணக்கில் கேலி தொடர்ந்தது. இரண்டே மாதங்களில், ஜூலையில், அந்தப் பயணத்தின் எஞ்சிய நிகழ்ச்சிகள் அனைத்தையும் அவர் ரத்து செய்தார். பின்னர் 2019-இல் தமது மனச்சோர்வு குறித்து அவரே வெளிப்படையாக எழுதினார். விலை கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கியவரின் ஏமாற்றம் நியாயமானதே. ஆனால் மேடையில் இருப்பவர் களைத்துப்போயிருக்கக்கூடும் என்ற எண்ணம் அன்றைய வசைகளில் அரிதாகவே தென்பட்டது. 2022 அக்டோபரில் தில்லியில் நடைபெறவிருந்த அவரது நிகழ்ச்சி உடல்நலக் காரணங்களால் கைவிடப்பட்டபோது எதிர்வினை பெரிதும் வேறாக இருந்தது. வருத்தம் இருந்தது, நலம் பெற வேண்டும் என்ற வாழ்த்தும் உடன் இருந்தது. தமது மனநலத்தைக் கருதி 2022-இல் உலகச் சுற்றுப்பயணத்தையே கைவிட்ட ஷான் மெண்டிஸ், 2025 மார்ச்சில் மும்பை மகாலட்சுமி குதிரைப் பந்தயத் திடலில் நடந்த லொல்லாபலூசா விழாவுக்கு முதன்மைக் கலைஞராக வந்தபோது, பழைய ரத்தை யாரும் குறையாகச் சொல்லவில்லை.

நம் நாட்டுக் கலைஞர்களின் பேச்சும் இம்மாற்றத்துக்கு உதவியது. இருபத்தைந்து வயது வரை உயிர்வாழும் விருப்பமே தமக்குக் குறைந்திருந்ததாக ஏ.ஆர். ரஹ்மான் 2018-இல் செய்தி நிறுவனப் பேட்டியில் கூறியதும், நடிகை தீபிகா படுகோன் 2015-இல் தமது மனச்சோர்வை வெளிப்படுத்தியதும் பல இல்லங்களில் முதன்முறையாக இத்தகைய உரையாடலைத் தொடக்கிவைத்தன.

எனினும் ராப் பாடகர் யோ யோ ஹனி சிங்கின் கதை இந்தப் பரிவின் எல்லையையும் காட்டுகிறது. புகழின் உச்சத்தில் இருந்த அவர் 2014-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் திடீரென மேடையிலிருந்து மறைந்தார். போதை மறுவாழ்வு மையத்தில் இருக்கிறார், சண்டையில் அடிபட்டார் என்று வதந்திகள் உலவின. தமக்கு இருதுருவ மனநிலைக் கோளாறு ஏற்பட்டதாக 2016-இல் அவரே அறிவிக்கும்வரை நோய் என்ற சாத்தியத்தைப் பேசியவர்கள் மிகச் சிலரே. 2024 டிசம்பரில் அவரைப் பற்றிய ஆவணப்படம் நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. 2025 பிப்ரவரியில் மும்பையில் தொடங்கிப் பல நகரங்களுக்குச் சென்ற அவரது பயணத்தில் அரங்குகள் நிறைந்தன. (அவரது பாடல் வரிகள் பெண்களை இழிவுபடுத்துகின்றன என்ற நெடுநாளைய விமர்சனம் தனியே விவாதிக்க வேண்டியது.) அவர் திரும்பி வந்தார், ஆகவே கொண்டாடப்பட்டார். நோயின் நடுவே இருந்த ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்தது கிசுகிசு. சாதாரண ரசிகர் ஒருவருக்கோ திரும்பி வருவதற்கு மேடை இல்லை. நோயுற்றிருக்கும் காலமே அவருடைய வாழ்க்கை.

நோயின் நடுவிலோ நெருக்கடியின் நடுவிலோ இருப்பவரைக் கூட்டம் எப்படி எதிர்கொள்கிறது என்பதற்கு 2025 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இந்திய வம்சாவளியினர் திரண்ட நிகழ்ச்சி ஓர் எடுத்துக்காட்டு. ஏறக்குறைய மூன்று மணி நேரத் தாமதத்துக்குப் பின் வந்த பாடகி நேஹா கக்கர் மேடையில் அழுது மன்னிப்புக் கேட்டார். ஒரு பகுதியினர் ஆறுதல் கூறினர். மற்றொரு பகுதியினர் நடிப்பு என்று கூச்சலிட்டனர். காத்திருந்தவர்களின் கோபத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் கண்ணீரைக் கண்டதும் முதலில் தோன்றும் சந்தேகம் ‘இது நாடகமோ’ என்பதாகவே இருப்பது, தில்ஜித்தின் ரசிகைக்கு நேர்ந்ததிலிருந்து வேறுபட்டதன்று.

இந்தப் பழக்கம் நம் மண்ணில் எப்போதும் இருந்ததா என்று பார்த்தால், விடை வியப்பளிக்கிறது. தில்லி நிஜாமுதீன் அவுலியா தர்காவில் வியாழன் மாலைகளில் கவ்வாலி கேட்கச் செல்பவர்கள் அறிந்த வழக்கம் ஒன்று உண்டு. பாடலின் ஓர் அடியில் கேட்பவர் ஒருவர் தம்மை மறந்து நடுங்கத் தொடங்கினால், அந்நிலையை ‘ஹால்’ அல்லது ‘வஜ்த்’ என்பர். அப்போது கவ்வால்கள் அடுத்த அடிக்குச் செல்வதில்லை. அவரை அந்நிலைக்குக் கொண்டுசென்ற அதே அடியை, அவர் அமைதியடையும்வரை திரும்பத் திரும்பப் பாடுவர். அருகில் இருப்பவர்கள் அவர் விழுந்துவிடாமல் தாங்கிக்கொள்வர். வட இந்தியத் தேவி ஜாகரண் இரவுகளில் கூந்தல் அவிழ ஆடும் பெண்ணுக்கு இடம் விட்டு, தண்ணீர் கொடுத்து, துணை இருக்கும் வழக்கமும் இதைப் போன்றதே. சாமியாடுபவரைப் பின்னிருந்து பிடித்துக்கொள்ளும் தமிழகக் கோயில் வழக்கத்துக்கு இவை அயலானவை அல்ல.

இம்மரபுகளை அப்படியே மருத்துவம் என்று போற்றுவது தவறாகும். தீவிர மனநோயைத் தெய்வச் செயல் என்றோ ஆவிப் பிடிப்பு என்றோ கருதிச் சிகிச்சையைத் தள்ளிப்போட்ட குடும்பங்கள் ஏராளம். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மடிந்ததை நாடு மறந்துவிடவில்லை. ஆயினும் ஒன்றை மட்டும் ஒப்பிடலாம். அந்தச் சபைகளில், இசையால் நிலைகுலைந்தவர் யாருடைய பொறுப்பு என்பது அனைவருக்கும் தெரிந்திருந்தது. ஒரு லட்சம் பேர் நிற்கும் நவீன மைதானத்தில் அது யாருக்கும் தெரியாது.

அசாமில் 2025 செப்டம்பரில் கண்டது இதற்கு ஓரளவு விதிவிலக்கு. பாடகர் ஜுபின் கர்க் செப்டம்பர் 19 அன்று சிங்கப்பூரில் உயிரிழந்ததைத் தொடர்ந்து, குவாஹாட்டி வீதிகளில் லட்சக்கணக்கானோர் திரண்டனர். தமது மறைவின்போது பாடப்பட வேண்டும் என்று அவர் விரும்பிய ‘மாயாபினி’ பாடலைக் கூட்டம் கூட்டமாகப் பாடினர். முதியவரும் இளைஞரும், ஆண்களும் பெண்களும் தெருவில் நின்று அழுதனர். அழுத ஆண்களை எவரும் ஏளனம் செய்யவில்லை. துயரத்தை ஊரே பகிர்ந்துகொண்டால் வெட்கம் விலகுகிறது. தனியொருவர் கட்டணம் செலுத்தி வந்து அழுதால் அது வேடிக்கைப் பொருளாகிறது.

நகர்ப்புற இளைஞர்களிடையே இன்று வழங்கும் மற்றொரு சொல்லாடலும் கவனிக்கத்தக்கது. ‘இசை நிகழ்ச்சிதான் எனக்குச் சிகிச்சை’ என்பது அது. ராகங்கள் நோய் தீர்க்கும் என்ற நம்பிக்கை இந்நாட்டில் மிகப் பழையது என்பதால் இக்கூற்று எளிதில் ஏற்கப்படுகிறது. பலரோடு சேர்ந்து பாடுவது மனத்தை இலகுவாக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது சில மணி நேர ஆறுதல். நிகழ்ச்சி முடிந்த மறுநாள் பலர் உணரும் வெறுமை மருத்துவப் பெயர் பெற்ற நோயன்று. பெரும்பாலோருக்கு அது சில நாள்களில் கலைந்துவிடும். கலையாதவர்களுக்கு அடுத்த நிகழ்ச்சியின் நுழைவுச்சீட்டைக் காட்டிலும் மருத்துவரே தேவை. அந்த இடத்தில்தான் ‘சிகிச்சை’ என்ற சொல் தடையாக மாறுகிறது.

அத்தகையோர் எண்ணிக்கையில் சிறியவர்கள் அல்லர். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறுடன் வாழ்ந்தனர். பெருநகரங்களில் இந்த விகிதம் கூடுதலாக, 13.5 சதவீதமாக இருந்தது. உரிய சிகிச்சை பெறாதோரின் விகிதம் நோய்க்கேற்ப 70 முதல் 92 சதவீதம் வரை வேறுபட்டது. பெருநகரக் கணக்கை அப்படியே பொருத்திப் பார்த்தால், ஒரு லட்சம் பேர் கூடும் மைதானத்தில் ஏறத்தாழ 13 ஆயிரம் பேர். விழிப்புணர்வு இருந்தும் மனப்பாங்கு மாறாததற்கும் சான்று உண்டு. தீபிகா படுகோன் நிறுவிய அறக்கட்டளை 2018-இல் 8 நகரங்களில் 3,556 பேரிடம் நடத்திய ஆய்வில், 87 சதவீதத்தினர் மனநோய் குறித்து அறிந்திருந்தனர். ஆனால் 71 சதவீதத்தினர் அதைக் குறிக்கையில் இழிவு தொனிக்கும் சொற்களையே பயன்படுத்தினர்.

மைதானத்தில் அடிக்கடி நேரக்கூடியது திடீர்ப் பீதித் தாக்கம். இதயம் படபடக்கும், மூச்சு முட்டும், கைகால் நடுங்கும், இதோ இறந்துவிடுவோம் என்ற அச்சம் எழும். பொதுவாகச் சில நிமிடங்களில் உச்சம் தொட்டுத் தணியும். வெக்கை, தாகம், நெருக்கடி, மணிக்கணக்கில் நிற்றல் ஆகிய அனைத்தும் அதைத் தூண்டக்கூடியவை. பார்ப்பவர்களோ பெரும்பாலும் குடிபோதை என்று முடிவுகட்டுகின்றனர். மாரடைப்பின் அறிகுறிகளும் இவற்றை ஒத்திருப்பதால், அந்தத் தவறான முடிவு உயிருக்கே உலை வைக்கலாம். அருகில் நிற்பவர் செய்யக்கூடியது எளியது: கூட்டத்திலிருந்து விலக்கிக் காற்றோட்டமான இடத்துக்கு அழைத்துச் செல்வது, மெதுவாக மூச்சுவிடச் சொல்வது, தணியும்வரை உடனிருப்பது, மருத்துவக் குழுவினரை அழைப்பது. படம் எடுப்பது இந்தப் பட்டியலில் இல்லை.

ரசிகர்களை மட்டும் குறைசொல்வதும் முறையன்று. 2024 செப்டம்பரில் கோல்ட்பிளே குழுவின் நுழைவுச்சீட்டு விற்பனை தொடங்கியபோது, ஒரு கோடிக்கும் அதிகமானோர் இணையத்தில் வரிசையில் நின்றனர். மறுவிற்பனையில் விலை லட்சங்களைத் தொட்டது. கிடைக்காதவர்களின் தவிப்பு, கிடைத்தவர்களின் கடன் என்று பதற்றம் மைதானத்துக்கு வெளியிலேயே தொடங்கிவிடுகிறது. 2023 செப்டம்பரில் சென்னையில் ரஹ்மான் நிகழ்ச்சிக்குச் சீட்டுடன் சென்றும் உள்ளே நுழைய முடியாமல் நெரிசலில் சிக்கியவர்கள் அதை இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். அதே ஆண்டு நவம்பர் 25 அன்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், நிகழ்ச்சி தொடங்கும் முன்னரே ஏற்பட்ட நெரிசலில் நால்வர் உயிரிழந்தனர். இத்தகைய விபத்துகளுக்குப் பின் நடைபெறும் விசாரணைகள் வாயில்களையும் படிக்கட்டுகளையும் எண்ணுகின்றன. உயிர் தப்பியவர்களின் மனநிலை நிவாரண அறிவிப்புகளில் இடம்பெறுவது அபூர்வம்.

அரசும் இத்துறையை இப்போது கவனத்துடன் நோக்குகிறது. 2025 ஜனவரியில் புவனேஸ்வரத்தில் பேசிய பிரதமர் நரேந்திர மோடி, அகமதாபாத், மும்பை கோல்ட்பிளே நிகழ்ச்சிகளைச் சுட்டிக்காட்டி, இசை நிகழ்ச்சி சார்ந்த பொருளாதாரத்துக்குத் தேவையான கட்டமைப்பையும் திறன்களையும் வளர்க்குமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டார். 2024-இல் 319 நகரங்களில் 30,687 நேரலை நிகழ்ச்சிகள் நடந்ததாக புக்மைஷோ நிறுவனம் தெரிவித்திருந்தது. வளர்ச்சி குறித்த உரையாடலில் அனுமதி, வரி, போக்குவரத்து ஆகியவை தாராளமாகப் பேசப்படுகின்றன.

மனநலமும் அதில் இடம்பெறுவதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 2018 மே முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநோய் குறித்த இழிவை அகற்றும் விழிப்புணர்வுப் பணியை ஏற்கெனவே மத்திய, மாநில அரசுகளின் கடமையாக்கியுள்ளது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416, இரவு பகலாக 20 மொழிகளில் இலவசமாகச் செயல்படுகிறது. திரையரங்குகளில் புகையிலை எச்சரிக்கையைக் கட்டாயமாக்க முடிந்த அரசுக்கு, அனுமதி வழங்கும்போது இந்த எண்ணைத் திரையில் காட்டச் சொல்வதும், அமைதியான ஓய்விடம் ஒன்றையும் பயிற்சி பெற்ற சிலரையும் நிபந்தனையாக்குவதும் பெரிய காரியமன்று. ஏற்பாட்டாளர்கள் செலவைக் காரணம் காட்டலாம். ஒரு கூடாரம், நான்கு நாற்காலிகள், இரண்டு மின்விசிறிகள் ஆகியவற்றின் செலவு மேடை விளக்குகளின் கணக்கில் கரைந்துவிடக்கூடியது.

வட இந்தியாவில் திறந்தவெளி நிகழ்ச்சிகளின் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. உலக மனநல நாளும் அக்டோபர் 10 அன்றே வருகிறது. நுழைவுச்சீட்டின் விதிமுறைகளில் குடை, தண்ணீர்ப் புட்டி, செல்ஃபிக் குச்சி எனக் கொண்டுவரக் கூடாதவற்றின் பட்டியல் நீளமாக அச்சாகிறது. நெரிசலில் மூச்சு முட்டினால் எந்தப் பக்கம் செல்ல வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்ற குறிப்பை அதில் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.