எட்டு மணி நேரத்துக்கு மேல் எழுதவிடாத மென்பொருள்

பட்டம் பெற்று வெளியேறப் போகும் தம்பி தங்கைகளே, உங்களில் பலர் இன்னும் ஓரிரு ஆண்டுகளில் ஏதாவதோர் ஆலோசக நிறுவனத்தில் மேசையும் கணினியும் பெற்று அமரப் போகிறீர்கள். பொறியியல், கணக்காய்வு, தகவல் தொழில்நுட்பம், எதுவாயினும் சரி. முதல் வாரத்திலேயே ஒரு கடவுச்சொல்லைக் கொடுத்து, "வெள்ளிக்கிழமைதோறும் இதில் உங்கள் டைம்ஷீட்டை நிரப்பிவிடுங்கள்" என்பார்கள். அந்த மென்பொருளை யார், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நீங்கள் கேட்கப் போவதில்லை. நானும் கேட்டதில்லை, தேர்வுக் குழுவில் நானே உட்காரும் வரை.

நான் பணியாற்றுவது பெட்டாலிங் ஜெயாவில், நாற்பது பேர் கொண்ட ஒரு சிவில் பொறியியல் ஆலோசக நிறுவனத்தில். திட்ட மேலாண்மைக்கும் ஆள்வளத் திட்டமிடலுக்கும் சேர்த்து ஒரே மென்பொருள் வாங்குவதென்று முடிவானபோது, மூன்று நாள்களில் மூன்று விற்பனையாளர்கள் வந்தார்கள். குளிரூட்டிய கூட்ட அறை, வெண்திரை, அதில் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகப் பட்டைகள். இயக்குநர்கள் மயங்கிப் போனார்கள். நானும்தான். அந்த அறையில் எட்டுப் பேர் இருந்தோம். வாரந்தோறும் அதை நிரப்பப் போகிற முப்பது பேரில் ஒருவர்கூட அங்கே இல்லை.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆலோசக நிறுவனம் ஒரு மென்பொருளை, அது முதலாளிக்கு எதைக் காட்டுகிறது என்று பார்த்து வாங்கக் கூடாது. கடைசி மேசையில் இருக்கும் புதிய பட்டதாரியிடம் வெள்ளிக்கிழமை மாலையில் அது எதைக் கேட்கிறது, எதைக் கேட்க மறுக்கிறது என்று பார்த்தே வாங்க வேண்டும்.

ஏன்? நாம் விற்பது சிமெண்டு அன்று, மனிதரின் நேரம். மருந்துக்கடைக்கு இருப்புக் கணக்கு எப்படியோ, ஆலோசக நிறுவனத்துக்கு மணிக்கணக்கு அப்படி. திரையில் ஓடிய அந்தப் பட்டைகளோ வேறு தேவைக்குப் பிறந்தவை. அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி காண்ட் 1910களில் அவற்றைப் பரப்பியது தொழிற்சாலை வேலைக்காக. எந்த வேலை தாமதமானால் முழுத் திட்டமும் தாமதமாகும் என்று கணக்கிடும் முறையை 1950களின் பிற்பகுதியில் டூபோன்ட் நிறுவனம் உருவாக்கியது தன் இரசாயன ஆலைகளுக்காக. பாலம் கட்டும் குத்தகையாளருக்குப் பிரைமவேரா போன்ற மென்பொருள் கைகொடுக்கும், மறுக்கவில்லை. நம் அலுவலகத்திலோ ஒரே பொறியாளர் ஐந்து திட்டங்களில் இருப்பார். ஐந்து பட்டைகளும் தனித்தனியே பச்சையாக இருக்கும், நடுவிலுள்ள ஆள் மட்டும் தூங்கியிருக்க மாட்டார். எந்த வேலை எப்போது என்பது ஒரு கேள்வி. யார், எந்த வாரம், எத்தனை மணி நேரம் என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதற்குப் பதில் சொல்லத் தெரியாத மென்பொருள் நமக்கு எதற்கு?

(பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட நிறுவனமாக இருந்தால் எக்செல் போதும். அதைச் சொன்னால் விற்பனையாளர்களுக்குக் கோபம் வருகிறது.)

சரி, வாங்கினோம். மூன்றாம் மாதம் ஒரு வீடமைப்புத் திட்டத்தின் வடிகால் வடிவமைப்பு எங்களிடம் வந்தது. 400 மணி நேரம் ஆகும் என்று ஒதுக்கி, அதற்கேற்பக் கட்டணம் பேசியிருந்தோம். நகராட்சி மன்றம் இரண்டு முறை வரைபடங்களைத் திருப்பியனுப்பியது. என் பிரிவில் ஓராண்டு அனுபவம்கூட இல்லாத ஒரு பெண். மூன்று வாரங்கள் இரவு பத்து மணிவரை இருந்து திருத்தினார். ஒரு வெள்ளிக்கிழமை என் மேசைக்கு வந்து, "அண்ணே, எட்டுக்கு மேல போட்டா சிவப்பா வருது, அடுத்த பக்கத்துக்கே போக மாட்டேங்குது" என்றார். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று யாரோ வரம்பு வைத்திருந்தார்கள். அதைத் தளர்த்த மேலாளரின் அனுமதி வேண்டும், அனுமதிக்குக் காரணம் எழுத வேண்டும். எனக்கு வேறு வேலை இருந்தது. "எட்டே போடும்மா" என்றேன்.

அவரைப் போல இன்னும் மூவர் எட்டே போட்டார்கள். உண்மையில் 560 மணி நேரத்துக்குக் குறையாமல் விழுங்கிய அந்த வேலை, கணக்கில் 400க்குள் அழகாக முடிந்தது. ஆண்டிறுதிக் கூட்டத்தில் அது பச்சைப் பட்டையாக ஒளிர்ந்தது, கைதட்டும் கிடைத்தது. பிறகு இதேபோன்ற அடுத்த திட்டத்துக்குக் கட்டணம் பேசும்போது எதைப் பார்த்தோம் என்று நினைக்கிறீர்கள்? அதே 400ஐத்தான். மறைந்துபோன 160 மணி நேரத்தை மறுபடியும் யாரோ இரவில் உட்கார்ந்து தள்ள வேண்டியிருந்தது. அதற்குள் அந்தப் பெண் விலகிப் போயிருந்தார். ஏன் போனார் என்று இயக்குநர் வியந்தார். அவர் பார்த்த திரையில் அவருக்கு வாரம் 40 மணி நேரந்தானே வேலை!

என் தந்தை தோட்டத்தில் வளர்ந்தவர். செக்ரோலில் கிராணி எழுதியதுதான் சம்பளம், நின்று வெட்டிய நேரம் அன்று என்று அடிக்கடி சொல்வார். படித்து வெளியே வந்துவிட்டோம் என்று நாம் நினைக்கிறோம். அந்தக் கிராணியின் வேலையைக் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து நான் செய்திருக்கிறேன்.

இதில் சட்டமும் இருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்த திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தபோது, வார வேலை நேர வரம்பு 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைந்தது. மாதம் 4,000 ரிங்கிட் வரை சம்பளம் பெறுபவருக்கு மிகைநேர ஊதியம் உரிமை. புதிய பட்டதாரிகள் பெரும்பாலும் அந்த வரம்புக்குள்தான் வருகிறார்கள். எட்டுக்கு மேல் எழுதவிடாத மென்பொருள், அந்த உரிமைக்கான எழுத்துச் சான்றையே பிறக்கவிடாமல் செய்கிறது.

"கருவியைக் குறை சொல்லாதே, உங்கள் அலுவலகப் பண்பாட்டைச் சொல்" என்று இதைக் கேட்ட நண்பர் ஒருவர் கூறினார். பாதி உண்மை. பொய் எழுதச் சொன்னது நான்தான். ஆனால் பொய் எழுதுவதை எளிதாகவும் மெய் எழுதுவதை மூன்று பக்க வேலையாகவும் ஆக்கியது அந்தத் திரை. களைத்துப்போன மனிதன் எளிதான வழியில்தான் போவான். இன்னொன்றும் உண்டு. உண்மையை எழுதினால் "உனக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம்?" என்று மேலாளர் கேட்பார் என்னும் அச்சம். ஆகவே யாருடைய மணிக்கணக்கை யார் பார்க்கலாம் என்பதையும் வாங்கும்போதே கேட்க வேண்டும்.

சின்ன விஷயம்போல் தோன்றும் நாள்காட்டியும் கழுத்தை நெரிக்கும். நாங்கள் வாங்கியதில் முழு நிறுவனத்துக்கும் ஒரே வார விடுமுறைதான். கிளந்தான், திரெங்கானு, கெடாவில் வெள்ளியும் சனியும் ஓய்வு. ஜொகூரும் 2014 முதல் அப்படியிருந்து, 2025 ஜனவரி 1 முதல் சனி ஞாயிறுக்குத் திரும்பியது. சரவாக்கில் தீபாவளிக்குப் பொது விடுமுறை கிடையாது. கோத்தா பாருவில் இருக்கும் எங்கள் பொறியாளர் வெள்ளிதோறும் வேலைக்கு வராதவராகவும், ஞாயிற்றுக்கிழமை உழைத்தது ஒரு பொருட்டே இல்லாததாகவும் கணினி காட்டியது. வெளிநாட்டில் எழுதிய மென்பொருளுக்கு நம் பதின்மூன்று மாநிலங்கள் தெரியாமல் போகலாம். வாங்கும் நமக்குமா தெரியாது?

ஆள் தலைக்கு இத்தனை அமெரிக்க டாலர் என்ற விலை, அதன்மேல் 8 விழுக்காடு சேவை வரி, ஒப்பந்தம் முடிந்தால் நம் தரவுகளை முழுமையாக எடுத்துக்கொள்ள முடியுமா என்பன எல்லோரும் கேட்கும் கேள்விகள். அவற்றுக்குக் கணக்காளர் போதும்.

எங்கள் ஒப்பந்தம் வரும் மார்ச்சில் முடிகிறது. இம்முறை விற்பனையாளர்களின் காட்சிக்கு முன்பாக, நடந்துகொண்டிருக்கும் ஒரு திட்டத்தை எடுத்து இரண்டு மாதம் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். குழுவில் நான்கு இருக்கைகள் இளைய பொறியாளர்களுக்கு என்றும் கேட்டேன். இரண்டு கிடைத்திருக்கின்றன. அதில் ஒருவர் நம் பல்கலைக்கழகத்திலிருந்து சென்ற ஆண்டு வெளிவந்தவர். முதல் கூட்டத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி, "இதில் பதினொரு மணி நேரம் என்று எழுத முடியுமா?" என்பது. விற்பனையாளர், பார்த்துச் சொல்வதாகக் குறித்துக்கொண்டு போயிருக்கிறார்.