உறக்கத்தைத் திருடியது யார்?

தாமிரவருணிக் கரை வாழைத்தாரும் தூத்துக்குடித் துறைமுகச் சரக்கும் ஏற்றி, திருநெல்வேலி வழியே வடக்கே போகிறாரே லாரி டிரைவர், அவர் எப்போது உறங்குகிறார்? லோடுக்காகக் காத்துக் கிடந்த நாளுக்குக் கூலி இல்லை. டிரிப் கணக்கில்தான் காசு. சக்கரம் நின்றால் வீட்டில் அடுப்பும் நிற்கும்.

நாளுக்கு 8 மணி வேலை, 5 மணிக்கொரு முறை அரை மணி ஓய்வு என்றது 1961-ம் வருஷத்துச் சட்டம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவியதா?

கண் அசந்தால் மட்டும் சட்டம் விழித்துக் கொள்கிறது! ஆள் செத்து, தகவல் சொல்லாமல் டிரைவர் ஓடினால் 10 ஆண்டு வரை சிறை என்கிறது 2023-ல் இயற்றிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு. ஓடுவது சரியென்று நாம் சொல்லவில்லை. அடிபட்டுச் சாவதும் நடவுக்குப் போகும் நம் ஜனங்கள்தான். ஆனால் விடிய விடிய ஓட்டச் சொன்ன முதலாளிக்கு என்ன தண்டனை? அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை உண்டா?

2024 ஜனவரி 1-ந் தேதி வடக்கே டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். மறுநாளே சர்க்கார் இறங்கி வந்தது. ஜூலையில் சட்டம் அமலானபோது அந்தப் பிரிவு நிறுத்தி வைக்கப்பட்டது.

ஆலைத் தோழர்களே! 8 மணி நேரம் உங்களுக்குத் தானமாக வந்ததா? வயல் தோழர்களே! டிரைவரின் உறக்கம் உங்கள் உயிருக்குக் காவல். சேர்ந்து கேட்போம்!