தோப்பை விற்கும் முன்பு பரீட்சை!

சென்ற மாதம் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். கையில் மஞ்சள் பை. பைக்குள் நிலப் பத்திரம்.

“பையன் விமானி ஆக வேண்டும் என்கிறான், ஐயா. இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. விற்றுவிடலாம் என்று இருக்கிறேன். எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் நல்லது?” என்று கேட்டார்.

நான் திருப்பி ஒன்று கேட்டேன்.

“பையனுக்குத் திறமைப் பரீட்சை வைத்துப் பார்த்தீர்களா?”

“அது வேலைக்குப் போகும்போதுதானே வைப்பார்கள்?” என்றார் அவர்.

அவர் சொன்னது உண்மை. பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. அது தப்பு என்பதுதான் என் கட்சி.

கணக்குப் பாருங்கள். விமானம் ஓட்டக் கற்க ஏறக்குறைய அரைக் கோடி ரூபாய் ஆகிறது. சில வழிகளில் ஒரு கோடியையும் தாண்டுகிறது. லைசென்ஸ் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதன் பிறகு பெரிய ஜெட் விமானத்தை ஓட்டத் தனிப் பயிற்சி. அதற்கும் லட்சக் கணக்கில் பணம். இத்தனையும் முடித்து விமானக் கம்பெனிக்குப் போனால், ஒரு கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார வைக்கிறார்கள். சில மணி நேரப் பரீட்சை. “நீங்கள் தேறவில்லை” என்று ஒரு வரியில் பதில் வருகிறது. எதில் தேறவில்லை என்று பல இடங்களில் சொல்வதுகூட இல்லை.

தோப்பு போயிற்று. கடன் மட்டும் நிற்கிறது!

பரீட்சையை முதலில் வைக்கும் இடங்களும் உண்டு. சில விமானக் கம்பெனிகள் தாங்களே ஆளைப் பொறுக்கி எடுத்து, பிறகு பயிற்சிக்கு அனுப்புகின்றன. இதைக் ‘கேடட்’ முறை என்கிறார்கள். (பயிற்சிச் செலவு இதிலும் நம் தலையில்தான். ஆனால் ஆள் தேறுவானா என்பது முன்பே தெரிந்துவிடுகிறது.) உத்தரப் பிரதேசத்தில் பர்சத்கஞ்ச் என்ற ஊரில் மத்திய அரசாங்கத்தின் இந்திரா காந்தி விமானப் பயிற்சிக் கழகம் இருக்கிறது. அங்கேயும் ஆங்கிலம், கணக்கு, பௌதிகம், யோசிக்கும் திறமை ஆகியவற்றில் பரீட்சை வைத்த பிறகுதான் சேர்க்கிறார்கள். பணம் கட்டினால் போதும் என்று கதவைத் திறந்து வைத்திருக்கும் பள்ளிக்கூடங்களைத்தான் நான் குறை சொல்கிறேன்.

பல்பு செய்த வேலை

அந்தப் பரீட்சையில் அப்படி என்ன இருக்கிறது?

திரையில் ஒரு புள்ளி ஓடிக்கொண்டே இருக்கும். கைப்பிடியை அசைத்து அதை நடுவில் நிறுத்தி வைக்க வேண்டும். அதே சமயத்தில் காதில் எண்கள் விழும். அவற்றை நினைவில் வைத்துச் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு கூட்டல் கணக்கும் வரும். “இது என்ன குழந்தை விளையாட்டு?” என்று சிலர் சிரிக்கிறார்கள்.

இது விளையாட்டு அல்ல. ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

1972-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி இரவு. நியூயார்க்கிலிருந்து மியாமிக்கு ஒரு பெரிய ஜெட் விமானம் போய்க்கொண்டு இருந்தது. உள்ளே 176 பேர். இறங்கும் நேரம். முன்சக்கரம் சரியாக இறங்கியதா என்று காட்டும் சின்ன விளக்கு எரியவில்லை. விமானத்தை 2 ஆயிரம் அடி உயரத்தில் தானாகப் பறக்கும்படி வைத்துவிட்டு, அந்த விளக்கைப் பிடுங்கிப் பார்த்தார்கள். ஒருவர், இருவர் அல்ல. விமானி அறையில் இருந்த எல்லோருடைய கவனமும் அந்த விளக்கின் மீதே!

தானாகப் பறக்கும் கருவியின் பிடிப்பு எப்படியோ விட்டுப் போயிற்று. விமானம் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. எச்சரிக்கை மணியும் ஒலித்தது. யார் காதிலும் ஏறவில்லை. சதுப்பு நிலத்தில் விமானம் மோதியது. 101 பேர் மாண்டார்கள்.

தலைமை விமானி 29 ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். முன்சக்கரம் ஒழுங்காகத்தான் இறங்கியிருந்தது. பல்புதான் பியூஸ் போயிருந்தது!

ஒரு வேலையில் கண் இருக்கும்போது மற்ற வேலையை விடாமல் இருக்கிறானா? அந்தப் புள்ளியும் எண்களும் இதைத்தான் பார்க்கின்றன.

இதில் பலன் உண்டா என்று கேட்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் லட்சக் கணக்கான வாலிபர்களுக்கு இந்த மாதிரிப் பரீட்சை வைத்தது. 1 முதல் 9 வரை மார்க் போட்டது. 1 வாங்கியவர்களில் பெரும்பாலோர் விமானப் பயிற்சியில் தோற்றார்கள். 9 வாங்கியவர்களில் தோற்றவர்கள் மிகவும் குறைவு. பயிற்சியில் யார் தேறுவார் என்பதை முன்கூட்டியே சொல்லும் பரீட்சையைப் பயிற்சி முடிந்த பிறகு வைத்தால், மழை நின்ற பிறகு குடை வாங்கின கதைதான்.

வீட்டிலேயே பழகலாம்

இதற்கு என்று பெரிய தொகை வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். “கட்டாயம் தேற வைப்போம்” என்றால் நம்பாதீர்கள். “பரீட்சைக் கேள்விகளே எங்களிடம் இருக்கின்றன” என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கேள்வி ஆளுக்கு ஆள் மாறும். பழக்கத்தால் மார்க் கொஞ்சம் ஏறும் என்பது உண்மை. அந்தப் பழக்கத்தை வீட்டிலேயே, செலவு இல்லாமல், பெரும் பகுதி பெற்றுவிடலாம்.

முதலில் மனக் கணக்கு. தாளும் பென்சிலும் கூடாது. விமானத்தின் வேகத்தை ‘நாட்’ என்று சொல்வார்கள். ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். 240 நாட் வேகத்தில் நிமிஷத்துக்கு எத்தனை கடல் மைல்? 60-ஆல் வகுத்தால் 4. ஆயிரம் அடி கீழே இறங்க 3 கடல் மைல் தேவை என்று விமானிகள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 30 ஆயிரம் அடியில் பறக்கிறவர் எவ்வளவு தூரத்துக்கு முன்னாலேயே இறங்கத் தொடங்க வேண்டும்? 90 கடல் மைல். பையன் இதை மூச்சுவிடும் நேரத்தில் சொல்ல வேண்டும்.

அடுத்தது எதிர்த்திசை. வட்டத்துக்கு 360 பாகை. 70 பாகைக்கு நேர் எதிர் எது? 180-ஐக் கூட்ட வேண்டும். சுலப வழி: 200-ஐக் கூட்டு, 20-ஐக் கழி. 250. முதல் எண் 180-க்கு மேலே இருந்தால், 200-ஐக் கழி, 20-ஐக் கூட்டு.

அம்மா காய் நறுக்கிக்கொண்டே 7, 4, 9, 2 என்று சொல்லட்டும். பையன் 2, 9, 4, 7 என்று தலைகீழாகச் சொல்லட்டும். நான்கு எண் சரளமாக வந்தால் ஐந்து, பிறகு ஆறு.

படம் பார்க்கும் கேள்வி ஒன்று உண்டு. அதில்தான் பலர் சறுக்குகிறார்கள். விமானத்தில் ஒரு வட்டக் கருவி இருக்கிறது. மேலே நீலம், அது வானம். கீழே பழுப்பு, அது பூமி. நடுவில் ஒரு கோடு. கோட்டின் இடப்பக்கம் தாழ்ந்திருந்தால் விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது? “இடப்பக்கம்” என்று வாய் வரும். தப்பு, வலப்பக்கம்! சந்தேகமாக இருந்தால் கதவின் முன்னால் நின்று தலையை வலது தோள்பக்கம் சாய்த்துப் பாருங்கள். கதவு இடது பக்கம் சாய்ந்த மாதிரித் தோன்றும்.

கேள்விகள் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் படித்த பையன்கள் அஞ்ச வேண்டாம். இலக்கிய ஆங்கிலம் வேண்டியது இல்லை. கேட்டதும் புரிய வேண்டும். சொன்னது தெளிவாக இருக்க வேண்டும். விமானிகளின் ஆங்கிலத்துக்கு உலக அளவில் 6 படிகள் வைத்திருக்கிறார்கள். 4-வது படி போதும். தினம் அரை மணி நேரம் வாய்விட்டுப் படித்தால் ஒரு வருஷத்தில் நல்ல மாற்றம் தெரியும்.

பழகக் கூடாத பகுதி ஒன்றும் இருக்கிறது. “உங்களுக்குக் கோபம் வருமா? தனியாக இருக்கப் பிடிக்குமா?” என்று நூற்றுக் கணக்கில் கேட்பார்கள். குணத்தைப் பார்க்கும் பரீட்சை அது. உத்தமன் மாதிரி நடித்தால் முன்னுக்குப் பின் முரணாகிவிடும். உள்ளதைச் சொல்வதே நல்லது. 2015-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி, ஆல்ப்ஸ் மலையில் ஒரு துணை விமானியே விமானத்தை மோதவிட்டு 150 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஐரோப்பாவில், விமானி வேலையில் அமரும் முன்பு மனநிலைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது.

9-வது இடம்

பரீட்சையில் தோற்றவன் உதவாக்கரை என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்துல் கலாம் விமானி ஆக ஆசைப்பட்டவர். டேராடூனில் விமானப் படைத் தேர்வுக்குப் போனார். 25 பேர் வந்தார்கள். 8 பேரை எடுத்தார்கள். கலாமுக்கு 9-வது இடம்!

அவர் குரோம்பேட்டையில் விமான என்ஜினீயரிங் படிக்க, அவருடைய அக்காள் தம் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அந்தப் பணம் வீண் போகவில்லை. விமானி வேலை தவறிய போதும் கையில் என்ஜினீயர் படிப்பு இருந்தது. தோப்பை விற்று லைசென்ஸ் வாங்கிவிட்டு, பிறகு பரீட்சையில் தவறுகிற பையனுக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே, டாக்டர் பரிசோதனை முதலில். நிறக்குருடு போன்ற குறை இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். அடுத்தது திறமைப் பரீட்சை. கேடட் முறைக்கோ அரசாங்கக் கழகத்துக்கோ மனுப் போட்டால் ஆயிரக் கணக்கில்தான் செலவு. பணம் கட்டுவது கடைசியில். இந்த வரிசையை எல்லாப் பயிற்சிப் பள்ளிகளும் பின்பற்ற வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டால் நல்லது. தேறாதவனிடம் எதில் குறை என்று கம்பெனிகள் சொல்லவும் வேண்டும். காரணம் சொல்ல ஒரு காகிதம்தானே செலவு?

வந்தவர் பத்திரத்தை மஞ்சள் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டு போனார். நேற்று டெலிபோனில் பேசினார். வீட்டில் தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மனக் கணக்கு நடக்கிறதாம். எதிர்த்திசைக் கணக்கில் அண்ணனைவிடத் தங்கைதான் முந்திச் சொல்கிறாளாம். 

“அவளையும் பரீட்சைக்கு அனுப்பலாமா?” என்று கேட்டார். 

“தாராளமாக!” என்றேன்.